வேகத்தைத் துறந்த தோட்டா

சத்தமில்லா வேட்டை: அத்தியாயம் 9

போன வாரம் ஹைரம் பெர்சி மாக்சிமை ஒரு முட்டுச்சந்தில் நிறுத்திவிட்டு வந்தோம். கையில் தன் சைலன்சர் பூட்டிய ரைஃபிள். விசையை அழுத்துகிறார். துப்பாக்கி வாயில் எழவேண்டிய பெருவெடி அடங்கிவிட்டது. ஆனாலும் காற்றில் ‘படீர்’ என்று ஒரு சத்தம்!

துப்பாக்கி போடாத சத்தம். அப்படியானால் யார் போட்டது?

வாரம் முழுக்க யோசித்த நீங்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். குண்டுதான். பியூமே நகரத்தில் சால்ஹர் எடுத்த புகைப்படம் நினைவிருக்கிறதல்லவா? பறக்கும் குண்டின் மூக்கிலிருந்து கூம்பாக விரியும் அலை. ஒலியைவிட வேகமாகப் போகும் எதுவும் காற்றைக் கிழித்துக்கொண்டேதான் போகும். மாட்டுவண்டிக்காரர் சாட்டையைச் சொடுக்கும்போது எழுவதும் அதே சத்தம்தான். சாட்டையின் நுனி அந்த ஒரு கணத்தில் ஒலியை முந்திவிடுகிறது.

சைலன்சர் இருப்பது குழலின் முனையில். குண்டோ அதைக் கடந்து போய்விட்டது. போய்விட்ட குண்டை எப்படி அடக்குவது?

மாக்சிமுக்கு விடை தெரியும். குண்டை மெதுவாக அனுப்பவேண்டும். ஆனால் அவருடைய வாடிக்கையாளர்கள் கையில் இருந்தவை வேகத்துக்காகவே செய்யப்பட்ட ரைஃபிள்கள், வேகத்துக்காகவே செய்யப்பட்ட தோட்டாக்கள். வேகமான குண்டு நேராகப் போகும், தூரமாகப் போகும், பலமாக அடிக்கும். அந்த வரத்தை எந்த வேட்டைக்காரன் திருப்பிக் கொடுப்பான்?

கொடுக்கத் துணிந்தவர் வந்து சேர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. இந்த வாரம் அவருடைய வாரம்.

லண்டன். போர்க்காலம். விமான அமைச்சகத்தில் ஒரு பொறியாளர். பெயர் வில்லியம் காட்ஃப்ரே டி லைல். துப்பாக்கி செய்வது அவர் வேலை அல்ல. யாரும் அவரிடம் துப்பாக்கி கேட்கவும் இல்லை. தானாக, தன் சொந்த முயற்சியில் ஒன்றைச் செய்துவைத்திருந்தார். பாயிண்ட் 22 குழலைச் சுற்றித் தடித்த ஒரு சைலன்சர்.

பாயிண்ட் 22 என்றால் இங்கிலாந்தின் கிராமங்களில் முயல் அடிக்கிற ரகம். போர்க்காலத்தில் ஆட்டுக்கறிக்கும் மாட்டுக்கறிக்கும் ரேஷன் இருந்தது; முயலுக்கு இல்லை. ஒரு முயலைச் சுடும்போது பக்கத்து வரப்பில் இருக்கும் முயல் ஓடாமல் இருந்தால், அன்றைக்குக் குழம்பு கெட்டி. சத்தமில்லாத பாயிண்ட் 22 எதற்குப் பயன்படும் என்பதைக் கிராமத்தானுக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை.

டி லைல் அதை எடுத்துக்கொண்டு போனது வேறொரு வாசலுக்கு. கூட்டு நடவடிக்கைத் தலைமையகம். பிற்பாடு நமக்குக் கடைசி வைஸ்ராயாக வரப்போகும் மவுண்ட்பேட்டன் தலைமை வகித்த அமைப்பு. கமாண்டோக்களை இருட்டில் கரையிறக்கி, காரியம் முடித்துத் திரும்ப அழைத்துவருவதே அதன் வேலை. காவலுக்கு நிற்பவன் ஒரு சத்தம் கேட்டால் போதும், மொத்தப் படகும் திரும்பாது.

அங்கே டி லைலை வரவேற்றவர் யார் தெரியுமா?

மேஜர் சர் மால்கம் கேம்ப்பெல்!

பெயர் தெரியாத இளைய வாசகர்களுக்காக ஒரு வரி. பான்வில் உப்புப் பாலைவனத்தில் ‘புளூ பேர்ட்’ காரை ஓட்டி, மணிக்கு 300 மைல் என்ற எல்லையை முதன்முதலில் தரையில் கடந்த மனிதர். போருக்குச் சற்று முன்புதான் கானிஸ்டன் ஏரியில் படகுவேகச் சாதனையையும் கைப்பற்றியிருந்தார். வாழ்க்கை முழுவதும் அவர் துரத்தியது ஒன்றே ஒன்றுதான். வேகம்.

அந்த மனிதரின் மேசைக்குத்தான் மெதுவான குண்டு வந்து சேர்ந்தது. இந்தத் தொடருக்காகப் படித்த எல்லாவற்றிலும் என்னை அதிகம் கிளர்ந்தெழச் செய்த சந்திப்பு இதுதான். ஒரு பொருளின் வேகத்தைக் கூட்ட என்ன விலை கொடுக்கவேண்டும் என்று உடம்பால் அறிந்தவர் கேம்ப்பெல். வேகத்தைக் குறைத்தால் கைக்கு என்ன வரும் என்பதும் அவருக்கு உடனே புரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

கேம்ப்பெல் பார்த்தார். பிடித்துப்போனது. கூட்டு நடவடிக்கைத் தலைமையகமோ ஒரு மாற்றம் கேட்டது.

பாயிண்ட் 22 முயலுக்குப் போதும். எங்களுக்கு 9 எம்.எம்.மில் வேண்டும்.

கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஸ்டென் துப்பாக்கி தின்பது 9 எம்.எம். தோட்டா. எதிரியின் கிடங்கிலும் அதே தோட்டா. கடல் கடந்து போகிறவனுக்கு எங்கே போனாலும் கிடைக்கும் உணவு மாதிரி அது. டி லைல் மறுக்கவில்லை. இரண்டாவது துப்பாக்கியைச் செய்தார். சைலன்சர் வேலையிலும் குறை வைக்கவில்லை.

சுட்டார்கள்.

ஏமாற்றம்.

9 எம்.எம். குண்டு குழலைவிட்டுக் கிளம்பும்போதே நொடிக்கு 350 மீட்டரைத் தாண்டிவிடும். ஒலியின் வேகமோ நொடிக்குச் சுமார் 340 மீட்டர். வித்தியாசம் கொஞ்சம்தான் என்று தோன்றும். ஆனால் இங்கே கொஞ்சம், அதிகம் என்ற கணக்கே கிடையாது. கோட்டுக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா, அவ்வளவுதான். அந்தப் பக்கம் போய்விட்டால் எத்தனை நல்ல சைலன்சர் பூட்டினாலும் காற்று காட்டிக்கொடுத்துவிடும்.

இங்கே ஒரு கணம் நிற்போம். டி லைலின் இடத்தில் வேறு யார் இருந்தாலும் என்ன செய்திருப்பார்கள்? சைலன்சரை இன்னும் பெரிதாக்கியிருப்பார்கள். உள்ளே இன்னும் நாலு தகடு சேர்த்திருப்பார்கள். ஏனென்றால் பழி சைலன்சர்மேல்தானே விழுந்திருக்கிறது! அவருடைய சொந்தப் படைப்பு அது. தன் குழந்தைமேல் பழி வந்தால் குழந்தையைத் திருத்தத்தானே எவருக்கும் தோன்றும்?

டி லைல் அதைச் செய்யவில்லை. கையை எடுத்துத் தோட்டாவின்மேல் வைத்தார்.

எந்தத் தோட்டா பிறவியிலேயே மெதுவானது?

ஒன்று இருந்தது. அமெரிக்காவின் பாயிண்ட் 45 கைத்துப்பாக்கித் தோட்டா. 15 கிராம் எடையுள்ள கனத்த, தடித்த குண்டு. நொடிக்கு ஏறத்தாழ 260 மீட்டர். மணிக்கணக்கில் சொன்னால் 936 கிலோமீட்டர். கேம்ப்பெலின் சாதனைக் காரைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனாலும் ஒலியைவிட நொடிக்கு 80 மீட்டர் பின்தங்கியே பறக்கும்.

அந்த 80 மீட்டருக்கு ஒரு மதிப்பு உண்டு. குளிரில் ஒலி மெதுவாகப் போகும். 30 டிகிரி வெயிலில் நொடிக்கு 349 மீட்டர் என்றால், உறைபனியில் 331தான். கோட்டை ஒட்டிப் பறக்கும் குண்டு கோடையில் ஊமையாக இருந்துவிட்டு, மார்கழிக் குளிரில் வாய் திறந்துவிடும். பாயிண்ட் 45 எந்தக் குளிரிலும் கோட்டைத் தொடாது.

இந்தத் தோட்டாவைச் செய்தவர்கள் யாரும் அமைதியைப் பற்றி நினைக்கவே இல்லை என்பதுதான் கதையின் சுவை. பிலிப்பைன்ஸில் மோரோ வீரர்களோடு சண்டையிட்ட அமெரிக்கச் சிப்பாய்கள், தங்கள் சிறிய பாயிண்ட் 38 குண்டு பட்டும் எதிரி நிற்காமல் ஓடிவருகிறான் என்று முறையிட்டார்கள். ராணுவம் இரண்டு அதிகாரிகளிடம் ஆராயச் சொன்னது. ஒருவர் லகார்ட், மருத்துவர். இன்னொருவர் ஜான் தாம்ப்சன். அவர்கள் சிகாகோவின் இறைச்சிக்கூடங்களில் 1904-ல் நடத்திய சோதனைகளின் முடிவு: குண்டு தடிமனாக இருக்கவேண்டும், பாயிண்ட் 45-க்குக் குறையக் கூடாது. பிரௌனிங் வடிவமைத்த தோட்டா அந்தத் தேவைக்கு விடையாக நிலைபெற்றது.

அதே தாம்ப்சன்தான் பின்னாளில் தன் பெயரால் புகழ்பெற்ற துப்பாக்கியை உருவாக்கியவர். கமாண்டோக்கள் கையில் அப்போது இருந்ததும் தாம்ப்சன்தான். அப்படியானால் பாயிண்ட் 45 தோட்டா எங்கே கிடைக்கும்?

கமாண்டோவின் இடுப்புப் பையில்!

புதிய தோட்டா செய்யவேண்டாம். புதிய தொழிற்சாலை வேண்டாம். அமைச்சகத்தின் கையெழுத்துக்காகக் காத்திருக்கவேண்டாம்.

ஆனால் விலை உண்டு. அதை டி லைல் கண்ணைத் திறந்துகொண்டுதான் கொடுத்திருக்கவேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிரிட்டிஷ் சிப்பாயின் பாயிண்ட் 303 ரைஃபிள் குண்டு நொடிக்கு 744 மீட்டரில் கிளம்பும். 100 மீட்டர் போய்ச் சேர்வதற்குள் புவியீர்ப்பு அதை ஒரு சாண்கூட இறக்க முடியாது. 9, 10 சென்டிமீட்டர்தான். நம் பாயிண்ட் 45 அதே 100 மீட்டர் போவதற்குள் முக்கால் மீட்டர் இறங்கிவிடும். தலைக்குக் குறிவைத்தால் இடுப்பில் படும். 200 மீட்டரில் மூன்று மீட்டர். அதாவது ஓர் ஆளையும் தாண்டிய பள்ளம்.

அடியின் பலமும் அப்படித்தான். ரைஃபிள் குண்டின் ஆற்றல் 3,000 ஜூலுக்கு மேல். இதுவோ 500 சொச்சம். ஆறில் ஒரு பங்கு. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், எடையோடு நேராகத்தான் ஏறும். வேகத்தை விட்டவன் எடையைக் கூட்டிப் பிழைக்கலாம், முழுதாக ஈடுகட்ட முடியாது.

தூரம் போயிற்று. நேர்கோடு போயிற்று. பலமும் பெரும்பகுதி போயிற்று. கைக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று. இருட்டில் கிட்டத்தில் நிற்கும் ஒருவனுக்கு அது ஒன்றே போதும்.

டி லைல் மூன்றாவது துப்பாக்கியைக் கட்டினார். பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டு ரைஃபிளின் உடல். தாம்ப்சனின் குழல். அமெரிக்கக் கைத்துப்பாக்கியின் மேகசின். மூன்று துப்பாக்கிகளின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்று. கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளினால்தான் அடுத்த தோட்டா ஏறும். அதுவும் வேண்டுமென்றே வைத்தது. தானாக இயங்கும் துப்பாக்கியில் சுட்டவுடன் இரும்போடு இரும்பு மோதும்; வாயுவும் பின்வழியாகக் கசியும். இதில் சுட்ட பிறகு எதுவும் அசையாது, சுடுகிறவர் நினைத்தாலொழிய.

சரி. கொஞ்சம் பின்னால் போவோம். முதலில் செய்த பாயிண்ட் 22 அமைதியாக இருக்கிறது என்று எப்படி நிரூபிப்பது?

சோதனைத் திடலில் சுடலாம். ஆனால் அங்கே நிற்கிற அதிகாரிகள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். எந்த நொடியில் விசை அழுத்தப்படும் என்று அவர்களுக்குத் தெரியும். எதிர்பார்க்கிற காது ஊசி விழுந்தாலும் பிடித்துவிடும். கேம்ப்பெலின் கமாண்டோக்கள் போகும் இடத்தில் இருப்பவையோ எதிர்பார்க்காத காதுகள். அப்படிப்பட்ட காதுகள் ஆயிரக்கணக்கில் வேண்டும். ஒத்திகை தெரியாத காதுகள். அதே சமயம், ஆபத்தின் சத்தம் பழகிப்போன காதுகள்.

லண்டனில் அதற்கா பஞ்சம்?

டி லைல் தேர்ந்தெடுத்த இடத்தைக் கேட்டால் நீங்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள். நியூ அடெல்ஃபி கட்டடத்தின் மொட்டைமாடி!

நகரத்தின் நட்டநடு. பின்னால் ஸ்ட்ராண்ட் சாலை. முன்னால் கீழே ஒரு பூங்கா. பூங்காவைத் தாண்டினால் டிராம் ஓடும் எம்பாங்க்மென்ட் சாலை. அதையும் தாண்டினால்தான் தேம்ஸ். மாடியிலிருந்து ஆற்றுக்குள் சுடவேண்டுமானால், குண்டு பூங்காவில் இருப்பவர்கள் தலைக்கு மேலும், சாலையில் போகிறவர்கள் தலைக்கு மேலும் பறந்தாகவேண்டும்.

எவ்வளவு கடுமையான பரீட்சை என்று பாருங்கள். ஒலியை முந்தும் குண்டாக இருந்தால், அதன் கூம்பலை பாதை நெடுகத் தரையை நோக்கி இறங்கும். முதலில் அறைவது கீழே நடப்பவர்களின் காதில்தான். இரு பக்கமும் கல் கட்டடங்கள். ஒரு சத்தத்தைப் பத்தாக்கித் திருப்பித் தரும். கீழே இருப்பவர்களோ விமானத் தாக்குதல்களில் இரவெல்லாம் விழித்துக் கிடந்த லண்டன்வாசிகள். ‘படீர்’ என்று கேட்டால் என்ன ஏது என்று கேட்டுக்கொண்டு நிற்கமாட்டார்கள்.

ஒரே ஒருவர் நிமிர்ந்து பார்த்தாலும் போதும். போர்க்கால லண்டனில், கூரைமேல் துப்பாக்கியோடு ஒரு மனிதர். அடுத்து என்ன நடக்கும்?

டி லைல் மாடிக்கு ஏறினார்.

அந்த நேரத்தில் அவர் மனத்துக்குள் என்ன ஓடியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பதக்கமா? ஆர்டரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பொறியாளரைக் கூரைவரை ஏற்றுவது வேறு பசி. காகிதத்தில் சரியாக வந்த கணக்கு காற்றிலும் சரியாக வருகிறதா? அதை அறியாமல் அவருக்குத் தூக்கம் வந்திருக்காது.

துப்பாக்கியைத் தோளில் ஏற்றினார். குழல் ஆற்றைப் பார்த்தது.

விசை.

குண்டு பூங்காவைத் தாண்டியது. சாலையைத் தாண்டியது. தேம்ஸுக்குள் போயிற்று.

கீழே?

யாருக்கும் கேட்கவில்லை!

தெருவில் போனவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். லண்டனின் நட்டநடுவில் ஒரு துப்பாக்கி வெடித்தது லண்டனுக்குத் தெரியாது.

அதிகாரபூர்வச் சோதனைகளும் அதையே அரசாங்க மொழியில் சொல்லின. குறி திருப்திகரம். வாயில் தீப்பொறி கண்ணுக்குத் தெரியவில்லை. 50 கஜத்துக்கு அப்பால் சத்தம் கேட்கவில்லை. பிறகு வந்த பாயிண்ட் 45 துப்பாக்கியில் ஒரே ஒரு குறை மட்டும் பாக்கி. அடுத்த தோட்டாவை ஏற்ற போல்ட்டை இழுக்கும்போது எழும் ‘கிளக்’ ஓசை, சுட்ட சத்தத்தைவிடப் பலமாக இருந்தது!

டி லைலை விமான அமைச்சகம் இந்த வேலைக்காக விடுவித்தது. டாகென்ஹாமில் உள்ள ஃபோர்டு ஆலையில் அவர் மேற்பார்வையில் முதல் 17 துப்பாக்கிகள் கையால் செய்யப்பட்டன. பிறகு ஸ்டெர்லிங் நிறுவனத்துக்கு 500-க்கு ஆர்டர் போனது. போர் முடிவை நெருங்கியதும் ஆர்டர் ரத்தானது. மொத்தமே சுமார் 130. பிற்பாடு மலாயாவிலும் இது பயன்பட்டது. நம்மவர்கள் பால் வெட்டிய ரப்பர் தோட்டங்களுக்கு அப்பால் நடந்த அந்த நீண்ட காட்டுப் போரில்.

இந்தத் துப்பாக்கி மனிதரைக் கொல்லவே பிறந்தது. அதைப் பூசி மெழுகி எழுத எனக்கு விருப்பமில்லை. நம் தொடர் துரத்தும் கேள்வி அதன் முதுகில் ஏறித்தான் வேட்டைக்காரனிடம் திரும்பி வந்தது.

வேட்டைக்காரனுக்கு ஏன் வேண்டும்? முதலாவது, காது. ரைஃபிள் வெடி 150, 160 டெசிபல் போகும். 140-ஐத் தாண்டினால் ஒரே சத்தம்கூடக் காதைக் கெடுக்கலாம். அவன் காது மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கும் நாயின் காதும்தான். நார்வேயிலும் பின்லாந்திலும் வேட்டை ரைஃபிளில் சைலன்சர் பூட்டுவது இன்று சாதாரணம்.

ஆனால் டி லைல் கொடுத்த விலையை வேட்டைக்காரன் அப்படியே கொடுக்கமுடியாது. 100 மீட்டரில் முக்கால் மீட்டர் இறங்கும் குண்டை நம்பி ஒரு மானைக் குறிவைத்தால்? தூரக்கணிப்பு கொஞ்சம் பிசகினாலும் குண்டு உயிர்நிலையைத் தவறிவிடக்கூடும். குடல் கிழிந்த மான் காட்டுக்குள் ஓடி, மணிக்கணக்கில் செத்துக்கொண்டிருக்கும். சத்தமில்லாமல் சுட்டுவிட்டுச் சித்திரவதைக்கு விடுவது வேட்டையே அல்ல. எந்த நாட்டு நல்ல வேட்டைக்காரனும் இதை ஒப்புக்கொள்வான்.

ஆகவே இரவல் தோட்டா போதாது. கைத்துப்பாக்கித் தோட்டாவை ரைஃபிளுக்குள் திணித்தால் போதாது. பிறக்கும்போதே ஒலிக்குக் கீழே பறக்கவென்று ஒரு ரைஃபிள் தோட்டா பிறக்கவேண்டும். அதே கனம் இருக்கவேண்டும்; ஆனால் ஒல்லியாக, காற்றை வழுக்கிப் போகிற உடம்பாக இருக்கவேண்டும்.

பல ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலம். எஸ்.எஸ்.கே. பட்டறை. ஜே. டி. ஜோன்ஸ் என்ற மனிதர். கைத்துப்பாக்கியால் வேட்டையாடுவதில் பேர்பெற்றவர். ரெமிங்டனின் பாயிண்ட் 221 ஃபயர்பால் என்ற சின்னஞ்சிறு தோட்டாவின் உறையை எடுக்கிறார். அதன் கழுத்தைப் பாயிண்ட் 30-க்கு விரிக்கிறார். அதற்குள் அவர் உட்காரவைக்கும் குண்டின் எடை 15.5 கிராம். டி லைலின் குண்டைவிட அரை கிராம் அதிகம்!

எடை அதே எடை. விட்டமோ பாயிண்ட் 45-லிருந்து பாயிண்ட் 30-க்கு இறங்கிவிட்டது. அப்படியானால் குண்டு எங்கே வளர்ந்திருக்கும்?

நீளத்தில்.

ஒல்லியான, நீளமான, கனத்த குண்டு. மெதுவாகப் போகிறது. மெதுவாகப் போவதால் மெதுவாகச் சுழல்கிறது. சுழற்சி போதாத குண்டு காற்றில் தலை நிமிர்த்தித் தள்ளாடும். தள்ளாட்டம் துப்பாக்கி வாயிலேயே தொடங்கிவிட்டால், எதிரே காத்திருப்பது சைலன்சரின் தடுப்புத் தகடுகள். தகட்டுக்கும் குண்டுக்கும் இடையே இருப்பது ஒரு மயிரிழை வழி.

ஜோன்ஸ் குழலைப் பொருத்திவிட்டார். தோட்டாவை ஏற்றிவிட்டார். குண்டு மூக்கால் வெளியே வருமா, சைலன்சரைப் பிளந்துகொண்டு வருமா?

(அடுத்த வாரம்)